நிழல் நீளும் நிலம் – 9: மணல் கடைசியாக வெயில் பார்த்த நாள்

பொன்மலை நண்பர்களைக் குதிரைமொழித் தேரியின் விளிம்பில், பனைவிளை முடிந்து செம்மணல் ஏறத் தொடங்கும் இடத்தில், மார்கழி இருட்டில் நிறுத்தியிருந்தேன். முன்கதை இவ்வளவு போதும். திருச்செந்தூருக்கு மேற்கே பன்னிரண்டாயிரம் ஏக்கர் அளவுக்குச் சிவந்து கிடக்கும் அந்த மணல்காட்டைப் பாலைவனம் என்று சொல்லலாமா கூடாதா என்ற வழக்கையும் ஏழாம் பகுதியிலேயே தீர்த்துவிட்டோம்.

இந்த வாரம் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர் வெட்டுத் திருவிழாவை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது தேரி மணலின் வயதைப் பற்றிய ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. கட்டுரை போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, மனம் முழுக்க மணல் இருக்கிறது. ஆகவே இந்த வாரம் மணல்.

செய்தி இதுதான். தேரிக்குள் புதைந்து கிடக்கும் ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியும், தான் கடைசியாக வெயில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்ற கணக்கைத் தனக்குள் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை மனிதனால் படிக்க முடியும்.

நடப்பது இப்படி. எந்த மண்ணிலும் மிகமிகச் சிறிய அளவில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. அவற்றிலிருந்து கதிர்வீச்சு ஓயாமல் கசிகிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும் கொஞ்சம் சேர்ந்துகொள்கின்றன. இந்தக் கதிர்வீச்சு மணலின் படிகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களை இடம்பெயர வைக்கிறது. படிகத்தின் அமைப்பில் உள்ள சின்னச் சின்னக் குறைபாடுகளில் அவை போய் மாட்டிக்கொள்கின்றன. இருட்டு இருக்கும்வரை மாட்டியது மாட்டியதுதான், வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை கூடும். வெயில் பட்டதோ, அத்தனையும் விடுபட்டுக் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். மறுபடி புதைந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் காசு விழுந்துகொண்டே இருக்கிறது, வெளிச்சம் வந்து உடைக்கிறது. உடைத்து எண்ணினால் மொத்தம் தெரியும். வருடத்துக்கு எவ்வளவு விழும் என்பதைச் சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சை அளந்து தெரிந்துகொள்ளலாம். மொத்தத்தை வருட வரவால் வகுத்தால் வயது.

உடைப்பதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நல்ல வெயிலில் ஒரு நிமிடம் தாராளம். பத்தாயிரம் ஆண்டு சேர்த்தது ஒரு நிமிடத்தில் போய்விடும். அதனால்தான் மணல் எடுக்கிறவர்கள் அவ்வளவு பதற்றத்தோடு எடுக்கிறார்கள். மேட்டின் பக்கவாட்டை முதலில் செதுக்கிச் சுத்தம் செய்வார்கள். ஒளி புகாத இரும்புக் குழாயைக் கிடைமட்டமாக வைத்துச் சம்மட்டியால் உள்ளே அடித்து இறக்குவார்கள். இரண்டு முனையையும் மூடி, கறுப்பு உறையில் சுற்றி எடுத்துப் போவார்கள். ஆய்வுக்கூடத்தில் குழாயைத் திறக்கும் அறையில் மங்கிய சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். வெயில் பட்டிருக்கக்கூடிய இரு முனை மணலை ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் எடுப்பார்கள். அமிலங்களில் கழுவி, குவார்ட்ஸைப் பிரித்து, அதன் மேல்தோலையும் அரித்து நீக்கி, கடைசியில் அதன் மீது நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். சிக்கியிருந்த எலெக்ட்ரான்கள் விடுபடும்போது மணல் ஒரு மெல்லிய ஒளியை வெளிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கருவி எண்ணும்.

மங்கிய சிவப்பு விளக்கு என்று படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எங்கள் வயதுக்காரர்கள் புகைப்படம் கற்றது அந்த விளக்கின் கீழேதான். கறுப்பு வெள்ளைத் தாளில் படம் கழுவும் இருட்டறையின் அதே விளக்கு. அந்தத் தாளுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் அங்கே அது எரிந்தது. மணலின் கணக்கைச் சிவப்பு ஒளி அநேகமாகக் கலைப்பதில்லை என்பதால் இங்கே எரிகிறது. வெளிச்சத்தை வாங்கிப் பதிவு செய்யும் பொருள் ஒன்று, வெளிச்சம் பட்டால் பதிவை இழக்கும் பொருள் மற்றொன்று. இரண்டையும் காப்பாற்றுவது ஒரே சிவப்பு. இதை நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இந்த முறைக்கும் இந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மணல்மேடுகளின் வயதை மணலின் ஒளியிலிருந்து கணிக்கலாம் என்று காட்டிய தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று ராஜஸ்தான் மணலில் நடந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அசோக் சிங்வியும் உடன் பணியாற்றியவர்களும் செய்தார்கள், 1982-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அப்போது மணலைச் சூடாக்கித்தான் ஒளியை வரவழைத்தார்கள். சூட்டுக்குப் பதிலாக ஒளியைப் பாய்ச்சும் இன்றைய முறையைக் கனடாவின் டேவிட் ஹன்ட்லி குழுவினர் 1985-ல், அதே இதழில் அறிவித்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் தோண்டிய குழிகளில், ஒரு வகைக் கற்கருவி மரபு 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் சொல்ல முடிந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறையால்தான். அந்தக் குழுவிலும் சிங்வி இருந்தார்.

சரி, தேரிக்கு வருகிறேன்.

திருச்சி ஜங்ஷனில் இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் திருச்செந்தூர்ப் பக்கம். செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் கூட்டத்துக்குச் சொந்த வண்டி மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்தில் பெரும்பாலோர் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாறி வந்த 1928-லிருந்து, தாத்தா, அப்பா, மகன் என்று அந்தச் சங்கொலிக்கு எழுந்த குடும்பங்கள். நடக்கத் தெரிந்தவர்கள், இரும்பைத் தொட்டுப் பார்த்தே சூடு சொல்கிறவர்கள். கேமரா பின்னால் வந்த பழக்கம்.

எங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர், "மழ விட்டு நாளாச்சு அண்ணாச்சி. மேல காஞ்சிருக்கும், உள்ள ஈரமாத்தான் கெடக்கும். கால் பொதையாது, தாராளமா நடக்கலாம்" என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகவில்லை. கோடையில் தேரியில் ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கும், வெயில் ஏறிய பிறகு காலே வைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில், தையில் மணல் இறுகியிருக்கிறது. மேல்தோல் மட்டும் மெல்லிய பொருக்கு. மிதித்தால் அப்பளம் போல் நொறுங்கி உள்ளிருக்கும் கறுஞ்சிவப்பு ஈரம் தெரிகிறது. எங்களுக்கு முன்னால் ஒரு மயில் நடந்து போயிருந்தது. ஏற்றம் முழுக்க அதன் கால்தடத்தைப் பின்தொடர்ந்தே ஏறினோம்.

ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் வந்தது. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். திருச்செந்தூர் நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும், நிழல் காலடியில் சுருண்டுவிடும். டிசம்பர் கடைசியிலோ நண்பகலில்கூட 58 பாகைக்கு மேல் அது ஏறாது. நாள் முழுக்கத் தெற்கு வானத்திலேயே நடக்கும். எந்த நேரமானாலும் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் வடக்குப் பக்கம் கொஞ்சம் நிழல் மிச்சமிருக்கும். இந்தத் தொடருக்கு வைத்த பெயரே அந்த நிழலால்தான். நிலக்காட்சி எடுக்கிறவனுக்கு மேடு பள்ளத்தைக் காட்டித் தருவது நிழல்தான். கோடையில் தட்டையாகத் தெரியும் அதே தேரி, மார்கழிக் காலையில் வரிவரியாக எழுந்து நிற்கிறது.

வரிகளை உண்டாக்குவது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு, ஆனால் முழு வேகத்தோடு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அணிவகுத்து நிற்பதும் அதனால்தான். மலையடிவாரச் செம்மண் நிலங்களிலிருந்து இந்தக் காற்று அள்ளி வந்து கொட்டியதே தேரி என்று ஒரு தரப்பு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. கடந்த பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். அப்போது வெளியே கிடந்த கடலடி மணலைக் காற்று கரைக்குத் தூக்கி வந்தது என்பது இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே எனக்குப் படுகிறது. சிவப்பு பிறகு வந்தது. மணலோடு இருந்த இரும்புக் கனிமங்கள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடாக மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. துரு என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

ஃபவுண்டரியில் காலம் தள்ளிய நண்பர் ஒருவர் மேட்டின் உச்சியில் உட்கார்ந்து, படம் எதுவும் எடுக்காமல், மணலை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாவிக்கொத்தில் இருந்த காந்தத்தை மணலுக்குள் விட்டு இழுத்தார். காந்தம் முழுக்கக் கறுப்பு மணிகள் முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு வந்தன. இரும்பு, டைட்டானியம் கலந்த கனம் கூடிய மணல் அது. காற்று லேசான மணியைத் தள்ளிக்கொண்டு போய்விடும், கனமானது பின்தங்கும். மணல் வரிகளுக்கு இடையே மை தீற்றியது போலத் தெரிந்த கோடுகள் இந்தக் கறுப்பு மணிகள்தான். பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். செஞ்சாந்து பூசியது போல் கறை படிந்திருந்தது.

"இது சாண்ட் பாக்ஸுக்கு ஆகாதுடா" என்றார். "களி இருக்கு. குழாய அடைச்சிடும்."

ரயில்வேக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ரயில் எஞ்சினில் மணல்பெட்டி உண்டு. மழையில் நனைந்த தண்டவாளத்திலோ ஏற்றத்திலோ சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றால், டிரைவர் மணலைத் திறந்துவிடுவார். குழாய் வழியாக அது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே விழும், பிடிப்பு கிடைக்கும். நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள டீசல் எஞ்சினுக்கும் கைப்பிடி மணல் தேவைப்படுகிறது. அந்த மணல் பொடியாக இருக்க வேண்டும், களிமண் கலந்திருக்கக் கூடாது, சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. நீராவிக் காலத்தில் லோகோ ஷெட்டுகளில் மணலை வறுப்பதற்கென்றே தனி அடுப்பு இருந்தது. அதில் ஆள் நின்று வறுத்துச் சலித்துக் கொடுப்பார்கள். கொள்ளிடத்து மணலையும் காவிரி மணலையும் கண்ணை மூடித் தேய்த்தே பிரித்துச் சொல்லும் மனிதர்கள் இதனால்தான் எங்கள் ஊரில் உருவானார்கள். தேரி மணலுக்கு அந்த நண்பர் கொடுத்த தீர்ப்பு, ஆய்வாளர்கள் அமிலத்தில் கழுவி நீக்கும் அதே உறையைப் பற்றியது. அவர் விரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

படம் எடுப்பதைப் பற்றி எழுதாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். தேரியில் கேமரா சந்திக்கும் முதல் சிக்கல் சிவப்புதான். காட்சி முழுக்க ஒரே நிறம் நிரம்பி நின்றால், தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ், இது விளக்கொளியின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு சிவப்பைக் குறைத்துவிடுகிறது. எதிரே ரத்தச் சிவப்பாகக் கிடக்கும் மேடு படத்தில் காய்ந்த கோரைப்பாய் நிறத்தில் வந்து நிற்கும். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு நிறுத்திப் பூட்டிவிடுங்கள், செல்போனிலும் இது முடியும். அடுத்தது, காலை வெயில் பட்ட சரிவில் சிவப்புக்கான அளவு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு படி குறைத்து எடுங்கள். மணல் வரிகள் அப்போதுதான் மிஞ்சும்.

கறுப்பு வெள்ளையில்தான் தேரி உண்மையான வித்தையைக் காட்டுகிறது. எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிமைப் போட்டு, லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்தால், நீல வானம் கறுத்துவிடும், செம்மணல் வெளுத்துவிடும். பனிமலை என்று சொல்லி யாரையும் நம்ப வைக்கலாம். சிவப்பையே உணராத பழைய தகட்டில் எடுத்தால் நேர்மாறு, வானம் வெள்ளை வெளேர், தேரி கரிக்குவியல். ஒரே இடம், ஒரே நேரம்.

இதைச் சொல்லும்போது திருச்சிக்காரனாக லின்னேயஸ் ட்ரைப்பை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-ல் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தவர். திருச்சிக்கு ஒரு தொகுப்பு, ஸ்ரீரங்கத்துக்குத் தனியே ஒரு தொகுப்பு வெளியிட்டார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதற்கு நீலம் மட்டும் கூர்மையாகத் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, படத்தில் வெறும் வெள்ளையாகப் போய்விடும். அந்த வெறுமை பொறுக்காமல் நெகட்டிவின் மேல் வண்ணத்தைத் தீற்றி மேகங்களை உண்டாக்கினார் ட்ரைப். அவருடைய கோயில் படங்களின் வானத்தில் மிதக்கும் மேகங்களில் பல அவர் கையால் வந்தவை. ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களுக்கு மேலே அன்று என்ன மேகம் இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் கோபுரத்து நிழல் நிஜம். நிழலை வைத்து அவர் எந்த நேரத்தில் நின்று எடுத்தார் என்று கணக்கிடலாம். இதற்கு ஒரு முழுப் பகுதியே ஒதுக்க வேண்டும். ஒதுக்குவேன்.

மணலுக்குத் திரும்புகிறேன். தேரியின் வயது என்ன? சிங்வியும் இடம்பெற்ற ஒரு குழு, இந்தத் தென்கிழக்குக் கரையின் செம்மணலைக் குழாயடித்து எடுத்து ஆராய்ந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டது. கடலோரத் தேரி மணல் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, 5,600 ஆண்டுகளுக்கு முன்பு வரை படிந்திருக்கிறது. உள்நாட்டுப் பக்கம் இருப்பது 15,000-க்கும் மேலே போகிறது.

இந்த 5,600 என்ற எண்ணைப் பார்த்ததும்தான் 1956-ம் ஆண்டின் ஒரு கட்டுரையைத் தேடி எடுத்தேன். தேரிகளில் சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைக்கின்றன. ராபர்ட் புரூஸ் ஃபுட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவற்றைச் சேகரித்தார். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கத்துத் தேரிகளில் கிடைத்தவற்றை லண்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் சொய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் ஆராய்ந்து 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் எழுதினார்கள். குவார்ட்ஸிலும் செர்ட் கல்லிலும் செதுக்கிய கருவிகள். பல நகக்கண் அளவுதான் இருக்கும். அம்பிலோ ஈட்டியிலோ பதிக்க ஏற்ற பிறைகள், முனைகள். தேரிக்குள் நெடுங்காலம் கிடந்ததால் அவற்றிலும் சிவப்பு ஏறியிருக்கிறது. வெள்ளைக் குவார்ட்ஸ்கூடச் செம்பழுப்பாக வந்திருக்கிறது.

மணலின் ஒளியைப் படிக்கும் வித்தை அன்று கிடையாது. சொய்னர் என்ன செய்தார்? தேரிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன, அவை உருவானபோது கடல்மட்டம் எங்கே இருந்திருக்க வேண்டும், உலகில் வேறெங்கே கடல் அந்த உயரத்தில் நின்றதாகத் தெரிகிறது என்று ஒப்பிட்டு, ஏறத்தாழ கி.மு. 4000 என்று ஒரு கணிப்புச் சொன்னார். இன்றைக்கு 6,000 ஆண்டு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு குவார்ட்ஸ் மணி தானே வாய் திறந்து 5,600-ல் கடைசி மணல் படிந்தது என்கிறது. இரண்டும் ஒரே பொருளின் வயது இல்லை. ஒன்று கருவிக்கான கணிப்பு, மற்றொன்று மணலின் அளவீடு. கருவிகளில் சில இதைவிடப் பழையவையாகவும் இருக்கலாம். ஆனாலும் அளவுகோலும் கடல்மட்டக் கணக்கும் மட்டும் கையில் வைத்திருந்தவர்கள் இவ்வளவு கிட்டே வந்து நின்றதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

தேரி வறண்ட பூமிதான். ஆனால் வறட்சி அதன் மேல்தோலில் மட்டுமே. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் இதை அறிவார்கள். சிவந்த மணலுக்கு நடுவே பச்சைத் தோப்பு, தோப்புக்குள் சுனை. மழை விழுந்த இடத்திலேயே தேரி குடித்துவிடுகிறது, குடித்ததை அடியில் வைத்திருந்து பள்ளத்தில் கசியவிடுகிறது. கடல் எட்டிய தூரத்தில் இருந்தும் நல்ல தண்ணீர் கிடைப்பதும், உடன்குடிப் பனைகள் நிற்பதும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டி இனிப்பதும் இந்த மணலின் உபகாரம்.

அதே 2023 டிசம்பரில் இந்த மணலுக்கு வந்த சோதனையையும் மறக்க முடியாது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை, திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது, அந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிட அதிகம். எங்கள் செந்தூர் எக்ஸ்பிரஸ் சென்னை திரும்பும் வழியில் எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தின் கீழ் ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. வண்டியை அங்கேயே நிறுத்தியதால் எண்ணூறு உயிர் தப்பியது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார், தங்கள் வீடுகளிலும் தண்ணீர் நிற்க, சமைத்துக் கொண்டுபோய்ப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். பொன்மலையில் இன்றைக்கும் இந்தப் பேச்சு வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ரயில்வேக் குடும்பங்களுக்கு ஜல்லி அரித்துப் போன தண்டவாளம் என்றால் என்ன என்று தெரியும்.

அந்த மழை தேரியில் ஆழமான ஓடைகளை வெட்டியிருக்கிறது. நாங்கள் இறங்கியது அப்படி ஓர் ஓடை வழியாக. இரண்டு பக்கமும் ஆளுயரச் செங்குத்துச் சுவர், மேலே உடைமரத்தின் குடை. சுவரிலிருந்து உதிர்ந்து விழும் ஒவ்வொரு மணியும் அந்தக் கணமே தன் கணக்கைத் தொலைக்கிறது. அது இயற்கை. காற்றும் மழையும் தேரியின் மேல்தோலை ஓயாமல் புரட்டிக்கொண்டுதான் இருக்கும், உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும்.

பொக்லைன் வைத்துத் தோண்டுவது வேறு. செம்மணலை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் காலிமனை நிரப்புகிறார்கள். சுனை வற்றும், பனை சாயும் என்று இதுவரை சொல்லி வந்தோம், அத்தனையும் உண்மை. இந்த வாரம் நான் தெரிந்துகொண்டது அதற்கு மேல் ஒன்று. ஒரு லாரி மணலைத் திறந்த வெயிலில் கொட்டும்போது, பதினோராயிரம் ஆண்டு இருட்டில் இருந்து சேர்த்த பதிவு ஒரு நிமிடத்துக்குள் அழிகிறது. அங்கே ஒரு மனிதன் எப்போது உட்கார்ந்து கல் செதுக்கினான் என்று சொல்ல, அந்த மணலைத் தவிர வேறு சாட்சி இல்லை. எலும்பு இல்லை, எழுத்து இல்லை. தேரி மண் எடுப்பதை மண் விலையில் கணக்குப் போடுவது அநியாயம். அகழாய்வுக் குழிக்குக் கொடுக்கும் பாதுகாப்பைத் தேரிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தைப் பொங்கல் விடுமுறையில் தேரிக்குப் போகிறோம் என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள். உள்பகுதி காப்புக்காடு, வனத்துறையில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். தண்ணீரைக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். நகக்கண் அளவில் செதுக்கிய கல் எதுவும் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். இடத்தைவிட்டுப் பிரிந்தால் அதன் வயதைச் சொல்ல யாராலும் முடியாது.

கள்ளர் வெட்டு அடுத்த வாரம். அங்கே இளநீர் சிந்திய தேரி மண்ணைப் பக்தர்கள் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதோடு தொடங்குவேன். அதற்குள் ஓர் உதவி கேட்கிறேன். லோகோ ஷெட்டில் மணல் வறுத்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள், பொன்மலையிலோ வேறு ரயில்வே ஊர்களிலோ இருந்தால், அந்த அடுப்பைப் பற்றியும் மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்பதைப் பற்றியும் எழுதி அனுப்புங்கள். 1970-க்கு முந்தைய தேரிப் படம் எவர் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், கறுப்பாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும், ஒரு நகல் அனுப்புங்கள்.